பிறை பார்க்கத் தெரியாத மிஷின்

ஆம்பூர்
3 நவம்பர் 1997

அன்புள்ள வஹீதா,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் அம்மா வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்தேன். போன் கூடத்தில் இருக்கிறது போல. நான் பெயரைச் சொன்னதும் பின்னால் பேசிக்கொண்டிருந்த ஆண்களின் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. அத்தனை காதுகளுக்கு நடுவில் நம் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதமே நல்லது. நீ காட்டினால்தான் அடுத்தவர் படிக்க முடியும்.

நீ பிரசவத்துக்குக் கிளம்பிய மறுநாளே நம் மேனேஜர் ஹமீத் சார் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து, "வஹீதா வர்ற வரைக்கும் நீயே பாத்துக்கோ மா, மூணு நாலு மாசம்தானே" என்றார். மூன்று நாலு இட்லி என்பதுபோலச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன். இப்போது நான் ஒருத்தியே இரண்டு பேராக இருக்கிறேன்.

காலையில் வந்ததும் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்கிறேன். தேவையில்லாத பழைய கோப்புகளைத் தேடி அழிக்கிறேன். முந்தின நாள் வேலைக்கு வராதவர்களை எடுத்து, லீவு சொன்னவர்களைக் கழித்து, மிச்சப் பேருக்குக் காரணம் கேட்டு மெமோ அடிக்கிறேன். அதற்குள் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸின் டெர்மினல் அசையாமல் தொங்கிவிடும். ஓடிப்போய் அதை விடுவிக்கிறேன். மாலையில் ஸ்டோர்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறும்வரை காத்திருந்து டேப்பில் நகல் எடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதே கமாண்டுகள், அதே வரிசை. நேற்று நான் நூலகப் புத்தகத்தில் பாதியில் விட்ட ஒரு பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தால் அது அழிக்கும் கமாண்டு. என்டரைத் தட்டும் முன் கையை எடுத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி ஆலயத்தில் தொடங்கிவிட்டது. நான் இன்னும் ஒரு நாள்கூடப் போகவில்லை. நான் போவதற்குள் நூலகத்தையும் பூட்டிவிடுகிறார்கள். நீ இருந்தபோது எப்படி ஐந்தரைக்கே கிளம்பினோம்? எனக்குத் தெரியாமல் நீ ஏதாவது வித்தை வைத்திருந்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெமி


மேல்விஷாரம்
9 நவம்பர் 1997

ஏ ஜெமி,

வித்தையெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு பேர், நாலு கை. அவ்வளவுதான்.

இங்கே என் நிலைமை கேள். கால் இரண்டும் வீங்கி, பழைய செருப்பு எதுவும் ஏறவில்லை. செருப்பு ஃபேக்டரியில் வேலை செய்கிறவளுக்கு இந்தக் கதி. சாப்பாடு பிரமாதம். ஆனால் கவளத்துக்கு ஒரு புத்திமதி. "கம்ப்யூட்டரையே பாத்துனு உக்காந்தியே, அதான் இடுப்பு வலி" என்கிறாள் அம்மா. பேஜாராக இருக்கிறது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். தினமும் அதே கமாண்டு, அதே வரிசை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் ஏன்டி ஒவ்வொன்றாக அடிக்கிறாய்? கல்யாண வீட்டில் சமைக்கிற பண்டாரியிடம் போய் 'இப்போது வெங்காயம் போடு, இப்போது கறி போடு' என்றா நிற்கிறோம்? 'பிரியாணி, ஐந்நூறு பேருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறோம். அதுபோல ஒரு கோப்பைத் திறந்து, நீ அடிக்கிற கமாண்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிச் சேமித்து வை. அந்தக் கோப்பை ஓட்டலாம் என்று மிஷினுக்கு அனுமதி கொடு. நாளையிலிருந்து அதன் பெயரை மட்டும் அடி. மிஷின் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்துவிடும். இதைத்தான் ஸ்கிரிப்ட் என்கிறார்கள். பயிற்சிக்குப் போனபோது சொல்லிக் கொடுத்தார்கள். நீ அப்போது ஜன்னல் வழியாக மழை பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. கிரான் என்று ஒருவன் அந்த மிஷினுக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருக்கிறான். எந்த நேரத்துக்கு எந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மாதிரி, நேரம் தவறமாட்டான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அழிக்கிற வேலையை எடுத்த எடுப்பில் அவனிடம் கொடுக்காதே. முதல் வாரம், 'இதையெல்லாம் அழிக்கப் போகிறேன்' என்று பெயர்களை மட்டும் எழுதிக் காட்டச் சொல். நீ படித்துப் பார்த்து, மனசு சமாதானமானபின் அழிக்கச் சொல். வரிகளைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது இன்னா, தாயத்துல எழுதுறதா?" என்று கேட்டாள்.

பாட்டுப் பயிற்சிக்குப் போ.

வஹீதா


ஆம்பூர்
27 நவம்பர் 1997

அன்புள்ள வஹீதா,

நான் நேற்று நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்! வெளியே வந்தபோது வெளிச்சம் இருந்தது. ஆம்பூரின் மாலை வெளிச்சத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். உன் தாளைப் பார்த்துப் பார்த்து ஸ்கிரிப்டை எழுதினேன். பெயரை அடித்து என்டரைத் தட்டினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. 'சரி', 'முடிந்தது' என்று ஒரு வார்த்தையாவது வரும் என்று எதிர்பார்த்தேன். தோற்றுவிட்டது என்று எண்ணி, வழக்கம்போல எல்லாவற்றையும் கையால் செய்யப் போனால், செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. எல்லாம் முடிந்திருந்தது. இந்த மிஷின் குறையிருந்தால் மட்டுமே வாய் திறக்கும் போல. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப்பின் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு வேலையாகக் கோப்பில் ஏற்றினேன். மெமோவைக்கூட விடவில்லை. இப்போது காலையில் நான் பல் துலக்கும் நேரத்தில், முந்தின நாள் வராதவர்களின் மெமோக்கள் பிரின்டரில் தானாக அடித்து விழுகின்றன. முன்பே அச்சடித்த தாள்தானே, பெயரும் நம்பரும் மட்டும்தான் விழ வேண்டும். டைம் ஆபீஸ் கோபி வந்து கிழித்து, அவரவர் பஞ்ச் கார்டோடு ரேக்கில் செருகிவிடுகிறார். விடுமுறை நாட்களையும் விட்டுவிடவில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து, அந்தத் தேதிகளுக்கு மெமோ வேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தேன். மாலையில் டேப் நகலும் அப்படியே. ஸ்டோர்காரர்களுக்குத் திரையில் 'வெளியேறுங்கள்' என்று தானாக ஒரு எச்சரிக்கை போகிறது. முதல் நாள் அதைப் பார்த்த ஸ்டோர் கீப்பர், நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து வந்து சமாதானம் பேசினார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது ஹமீத் சார் உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா மா, வேலை இல்லியா?"

"முடிஞ்சிடுச்சு சார்."

"எல்லாமா? ரெண்டு பேர் வேலையுமா?"

நான் திரையைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். "பலே" என்றார். போகும்போது கதவருகே நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை. இதெல்லாம் உன்னால்தான்.

ஜெமி


மேல்விஷாரம்
14 டிசம்பர் 1997

ஜெமி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஹமீத் சார் என் வீட்டுக்காரரைப் பார்த்து இப்படிச் சொன்னாராம்: "ஜெமி எல்லாத்தையும் மிஷின்லயே ஏத்திடுச்சு பா. ஒரு ஆளே ஜாஸ்தி. உங்க வீட்ல திரும்பி வரணும்னு அவசரம் இல்ல. நிம்மதியா பிள்ளைய பாத்துக்கட்டும்."

அவர் அதை நல்ல சேதியாக எனக்குக் கொண்டுவந்தார். அம்மா அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். மாமா கடையிலிருந்து இனிப்புகூட வந்தது. இந்த வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

பெண் பார்க்க வந்த அன்றே, வேலையை விடமாட்டேன் என்று நான் சொன்னது உனக்குத் தெரியும். அதற்காக எத்தனை இடம் தட்டிப்போனது என்பதும் தெரியும். லீவு பிப்ரவரியோடு முடிகிறது. அதற்குப்பின் நான் போய் உட்கார ஒரு நாற்காலி இல்லை.

நான் எழுதி அனுப்பிய வரிகளை வைத்தே என்னைத் துடைத்துவிட்டாய். இனிமேல் ஏதாவது சந்தேகம் வந்தால் மிஷினையே கேட்டுக்கொள்ளவும்.

வஹீதா


ஆம்பூர்
19 டிசம்பர் 1997

அன்புள்ள வஹீதா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். 'அவர்களுக்கு' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி வருவதற்கே நேரமாயிற்று.

நான் பெருமையில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். ஹமீத் சார் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் பார்த்தது திரையை அல்ல, உன் காலி நாற்காலியை. எனக்கு அது இப்போதுதான் புரிகிறது.

கடிதம் வந்த அன்றே கிரானில் இருந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டுக் கையால் அடிக்கத் தொடங்கினேன். இரண்டு நாள் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. கை வலிக்கவில்லை, பொய்யாக இருந்தது. பாத்திரத்தைக் கழுவி, மறுபடி கரி பூசி, மறுபடி கழுவுவது போல. வரிகளைத் திரும்பப் போட்டுவிட்டு நேரே ஹமீத் சாரிடம் போனேன். போனேன் என்று எழுதுவது சுலபம். அவர் அறை வாசலில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி இரண்டு முறை திரும்பி வந்தேன்.

"சார், அந்த ஸ்கிரிப்ட் எல்லாம் வஹீதா சொல்லிக் கொடுத்ததுதான். அவங்க இல்லாம நான் இல்ல."

"தெரியும் மா. நல்ல பொண்ணு அது."

"அப்ப அவங்க வேலை..."

"இத பாரு மா, கம்பெனி இன்னா சத்திரமா? வேலை இருந்தா ஆள் இருக்கும். பிப்ரவரிக்குள்ள ரெண்டு பேருக்கு வேலை இருக்குன்னு காட்டு, நானே கார் அனுப்பி கூட்டிக்கினு வர்றேன்."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபித்திருந்தால் அழுதாவது பார்த்திருப்பேன்.

இல்லாத வேலையை எப்படிக் காட்டுவது? யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

ஜெமி


ஆம்பூர்
8 ஜனவரி 1998

அன்புள்ள வஹீதா,

உன் மாமியாரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அன்வரி பேகம் அம்மா பத்தடி தூரத்திலிருந்தே, "ஜெமி, பொண்ணு பொறந்திருக்கா!" என்று கத்தினார்கள். பேரீச்சம்பழக்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பிள்ளைக்கு உன் மூக்காம். நீயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று கேட்டதே போதும்.

பதில் வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குப் பேனா பிடிக்க நேரம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜெமி


ஆம்பூர்
1 பிப்ரவரி 1998

அன்புள்ள வஹீதா,

நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இதைப் படித்தே ஆக வேண்டும்.

சுவரில் ஒட்டிய பட்டியலில் நோன்புப் பெருநாள் சனிக்கிழமை என்று இருந்தது. நானும் விடுமுறைக் கோப்பில் சனிக்கிழமைத் தேதியை எழுதி வைத்திருந்தேன். வியாழக்கிழமை மாலை பிறை தெரிந்துவிட்டது. பள்ளிவாசல் மைக்கில் சொன்னதும் தெருவெல்லாம் பட்டாசு. வெள்ளிக்கிழமை லீவு, சனிக்கிழமை வேலை என்று பத்தே நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. உன் மாமியார் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தட்டு நிறையப் பிரியாணி வைத்தார்கள். சாப்பிட்டேன், சேமியாவும் சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்து தூங்கினேன். சொல்லவேண்டும் என்று ஒருவருக்குமே தோன்றாத ஒரே ஆள் அந்த மிஷின்தான்.

சனிக்கிழமை காலை நான் போனபோது வாட்ச்மேன் ஆரோக்கியசாமி அண்ணன் கேட்டிலேயே காத்திருந்தார். "விடிஞ்சதிலேர்ந்து நெல்லு மிஷின் மாதிரி ஓடிக்கினே இருந்துச்சு மா. கிட்டப் போகவே பயமா இருந்துச்சு" என்றார். ஓடினேன். பிரின்டரில் காகிதம் தீர்ந்து, அது மூச்சிரைப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒருவர்கூட வேலைக்கு வரவில்லை என்று கண்டுபிடித்து, ஃபேக்டரி முழுவதற்கும் மெமோ அடித்திருக்கிறது. 'நேற்று முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராத காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். இப்படிக்கு, அப்துல் ஹமீத், மேலாளர்.'

அதை அப்படியே மறைத்திருக்கலாம். ஆனால் கோபி இருக்கிறாரே!

"கோபி அண்ணா, மெமோ எல்லாம் எங்க?"

"ரேக்ல வச்சுட்டேனே மா. இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்திதான், கை வலி எடுத்துடுச்சு."

"எல்லாருக்குமா? உங்களுக்கே சந்தேகம் வரலியா?"

"எனக்கும் ஒண்ணு வந்துச்சு மா. அதையும் வச்சுட்டேன். பேப்பர் வந்தா கிழிச்சு வைக்கணும்னு நீதானே சொன்ன?"

மணி அடித்தது. எல்லாரும் கார்டை எடுத்தார்கள். முதலில் ஒருவர் மெமோவை ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு ஸ்டிச்சிங் லைன் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பார், அது கட்டிங் பிரிவு வரைக்கும் போயிற்று. ஹமீத் சாரும் தன் கார்டை எடுத்தார். அவருடைய மெமோவில் அவரே அவரிடம் காரணம் கேட்டிருந்தார்.

எனக்கு வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். நாம் எப்போதும் சாத்தியே வைத்திருப்போமே, தாழ்வாரத்துப் பக்கம் ஒரு ஜன்னல், அதை யாரோ தட்டினார்கள். திறந்தால் பெரிய கூட்டம். கோபி கையை விரித்து எல்லாரையும் என்னிடம் அனுப்பிவிட்டிருக்கிறார். ஒவ்வொருவரும் மெமோவில் காரணம் எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். 'பிரியாணி சாப்பிட்டேன்.' 'பிறையைக் கேட்கவும்.' பேஸ்டிங் பிரிவு எல்லம்மா எழுதியிருந்தது: 'உங்க வீட்டு விசேஷம்தான் சார்.' ஹமீத் சார் என் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியில் தன்னுடையதிலும் 'பெருநாள் தொழுகை, மன்னிக்கவும்' என்று எழுதிக் கட்டின் மேல் வைத்தார். "முதலாளி கண்ல படறதுக்கு முன்னால எடுத்து வை மா" என்றார். அவ்வளவுதான் தண்டனை.

மெமோவைக் கொடுத்தபின்னும் பெண்கள் நகரவில்லை. "அது கிடக்கட்டும் மா. ஜன்னல் தொறந்துதான் இருக்கே, எனக்கு எவ்ளோ லீவு பாக்கின்னு சொல்லேன்." "என் பி.எஃப். ஏறுதா இல்லியா பாரு." இதெல்லாம் டைம் ஆபீஸில் கேட்டால் 'அப்புறம் வா' என்று துரத்திவிடுகிறார்களாம். நான் முதல் ஆளின் கணக்கையே தேடிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் போய்விட்டார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை.

இனி பிறையை மிஷினுக்கு யார் சொல்வது? நினைவாக நானே ஒவ்வொரு முறையும் தேதியை மாற்ற வேண்டுமா? யோசித்து யோசித்துத் தலைதான் சுற்றுகிறது.

ஜெமி


மேல்விஷாரம்
7 பிப்ரவரி 1998

ஏ கிறுக்கி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழுந்துவிட்டாள். அம்மா, "பிரசவமான உடம்பு, இப்டி சிரிக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டு, என்னவென்று கேட்டு, தானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஹமீத் சார் தனக்குத் தானே மன்னிப்புக் கேட்ட இடத்தை மூன்று முறை சொல்லச் சொன்னாள். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் சிரித்த வேகத்தில் அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

மிஷினுக்கு ஏன்டி பிறை பார்க்கச் சொல்லித் தருகிறாய்? பிறை பார்ப்பதில் ஊருக்கு ஊர் சண்டை நடக்கிறது, அந்த டப்பாவா தீர்த்துவைக்கும்? வேறு மாதிரி யோசி. ஒரு நாளில் பத்துப் பேர் வரவில்லை என்றால் தப்பு அந்தப் பத்துப் பேர் மேல். ஃபேக்டரியில் பாதிப் பேர் வரவில்லை என்றால் தப்பு ஆள் மேல் இல்லை, நாள் மேல். அது பெருநாளாக இருக்கலாம், பஸ் ஓடாத நாளாக இருக்கலாம், பாலாற்றில் வெள்ளமாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மிஷினுக்குத் தெரிய வேண்டியதில்லை. மெமோ அடிக்கும் முன் எண்ணிப் பார்க்கட்டும். பாதிக்கு மேல் போனால் ஒன்றும் அடிக்காமல் நிறுத்திவிட்டு, 'ஜெமி, வந்து பார்' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருக்கட்டும். வரிகள் தனித் தாளில். பிள்ளையை மடியில் போட்டு எழுதியது, கோணலாக இருக்கும்.

இன்னொரு தாளும் இருக்கிறது. அதுதான் முக்கியம். கார்டு நம்பரை அடித்தால், அந்த ஆளுக்கு எத்தனை நாள் லீவு பாக்கி, பி.எஃப். எந்த மாதம் வரை ஏறியிருக்கிறது என்று உடனே திரையில் காட்டும். இதை நாம் கையால் தேடினால் அரை மணி நேரம் ஆகும். அதனால்தான் நாமும் அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். இப்போது உனக்கு நேரம் இருக்கிறது. திற. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் திற.

உனக்கு அந்நியரோடு பேசுவது கஷ்டம் என்று தெரியும். அதையெல்லாம் பார்த்தால் ஆகாது.

பிள்ளைக்கு மூக்கு என்னுடையதுதான். பாவம்.

வஹீதா


ஆம்பூர்
20 பிப்ரவரி 1998

அன்புள்ள வஹீதா,

திறந்தேன்.

முதல் நாள் சும்மா எட்டிப் பார்த்தவர்கள்தான். ஸ்டிச்சிங் அமிர்தவள்ளி வந்து கார்டைக் கம்பிக்குள் நீட்டினாள். "எனக்கு லீவே இல்லன்னு சொல்லிட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்குக் காலையில போயிட்டு மத்தியானம் வேலைக்கு வந்துட்டேன். இருந்தாலும் பாரு மா." நான் நம்பரை அடித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது.

"இருக்குங்க."

"இன்னா?"

"லீவு இருக்குங்க. நிறையவே இருக்கு."

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்டீனா பையன திருப்பதிக்கு கூட்டிக்கினு போயி மொட்டை போடலாமா?" போகலாம் என்றேன். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "ஏ, இருக்குதாம்டி!" என்று ஒரு கத்து கத்தினாள். மறுநாள் வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தொட்டது.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. உருதுவில் கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் பதில் சொல்கிறேன். ஆந்திரா பார்டரிலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் கேட்டால் அதுவும் கிடையாது, தலையை மட்டும் ஆட்டுகிறேன். வரிசையின் இரைச்சலில் நான் பேசுவது கம்பியைத் தாண்டுவதில்லை. எல்லம்மா பக்கத்தில் நின்று நான் சொல்வதைக் கேட்டு, அதைத் திரும்பக் கத்துகிறாள். மதியம் முடிவதற்குள் பாதி வரிசைதான் நகர்கிறது. அதற்குள் பேக்கிங்கில் டெர்மினல் தொங்கினால் ஜன்னலைப் போட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது.

நேற்று ஹமீத் சார் என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார். நேரே ஜன்னலுக்கு வந்தவரை எல்லம்மா மறித்துவிட்டாள்.

"சார், வரிசை அங்க இருக்கு."

"நான் மேனேஜர் மா."

"மெமோ வாங்கினவங்க எல்லாரும் ஒண்ணுதான் சார்."

அவர் போய் வரிசையில் நின்றார், வஹீதா! சிரித்துக்கொண்டேதான் நின்றார். ஆனால் அவருக்கு முன்னால் நின்றவர்கள் கேட்டதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டார். அவர் முறை வந்ததும் தன் கார்டை நீட்டினார். நான் பார்த்துச் சொன்னேன். "இன்னா?" என்றார். மறுபடி சொன்னேன். காதைக் கம்பியோடு வைத்தார். எல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சாருக்கு ஒரு நாள் கூட பாக்கி இல்லியாம்!" என்று தாழ்வாரம் முழுவதற்கும் அறிவித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. கேட்காமலே திரும்பிப் போகிறவர்களை அவர் நின்று பார்த்தார்.

பிறகு உள்ளே வந்தார்.

"அந்த வஹீதா எப்ப மா வருது?"

"நீங்கதான் சார் வர வேணாம்னு..."

"நான் எங்க மா சொன்னேன்? வேலை இருந்தா ஆள் இருக்கும்னு சொன்னேன். இதோ வேலை சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நிக்குதே. நீ பேசுறது உனக்காச்சும் கேக்குதா? லெட்டர் அடி, கையெழுத்துப் போடறேன்."

அடித்தேன். மூன்று முறை தப்பாக அடித்தேன். இதோடு வைத்திருக்கிறேன். மார்ச் இரண்டு, திங்கட்கிழமை.

அவர் கார் அனுப்புகிறேன் என்று சொன்னதை நினைவுபடுத்தினேன். "அது பேச்சுக்குச் சொன்னது மா" என்றார்.

ஜெமி


மேல்விஷாரம்
24 பிப்ரவரி 1998

அடி ஜெமி,

லெட்டரைப் பிரித்ததும் கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லார் நடுவிலும் சத்தமாகப் படித்தேன். மாமாக்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "பிள்ளைய யாரு பாக்குறது?" அப்போது பார், என்னைக் கூட்டிப்போக வந்திருந்த மாமியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்கள்: "வேலைய வுடமாட்டேன்னு இவ நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாலயே சொல்லிட்டா. சரின்னு தலையாட்டுனது நான். அப்புறம் இன்னா பேச்சு? பிள்ளை என் மடியில கெடக்கும். பசிச்சா ஃபேக்டரி கேட்டுக்குத் தூக்கினு வர்றேன். வாட்ச்மேன் வுடலன்னா அவனையும் சேத்து அதட்டுறேன்." அத்தோடு கூடத்தில் விஷயம் முடிந்தது. நான் அவர்கள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். "போடி, கை எல்லாம் சுண்ணாம்பு" என்றார்கள்.

என் கோபம் கிடைக்கவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். உனக்கு நான் எழுதிய அந்த 'அவர்களுக்கு' கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நீ கிழிக்கமாட்டாய், உனக்கு எழுத்து என்றால் எதையும் கிழிக்க மனசு வராது. பரவாயில்லை, என் கண்ணில் படாமல் வை.

எல்லம்மாவிடம் சொல், திங்கட்கிழமையிலிருந்து அவள் தொண்டைக்கு ஓய்வு. உருதுவும் தெலுங்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டுக்கே போனாலும் எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவர்களுக்கும் கேட்கும். ஜன்னல் என்னுடையது. மிஷின் உன்னுடையது. ஏதாவது புதிதாகத் தேவைப்பட்டால் நான் ஜன்னலிலிருந்து கத்துவேன், நீ எழுது.

இதில் நமக்குள் சண்டை வந்தால் கடிதம் எழுதி உயிரை வாங்காதே. நாற்காலியைத் திருப்பிப் போட்டு நேரிலேயே சண்டை போடு.

வஹீதா